அழிச்சிட்டுப் போடு

சோதித்தவர் என்று அடித்து, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு, அதற்கு மேல் விரல் ஓடாமல் உட்கார்ந்திருந்தாள் தாரகா. திரையில் கர்சர் விட்டு விட்டுக் கண்ணடித்தது, போடேன், உன் பேரைப் போட்டால் தேய்ந்தா போய்விடும் என்கிற மாதிரி. தேயும். பேர் என்ன பஸ் ஸ்டாண்டு பெஞ்சா, வருகிறவர்கள் எல்லாம் வந்து உட்கார? எம்.சி.ஏ. கடைசிப் பருவத்துக்குப் பயிற்சி என்று வந்தவள் அவள். சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி, ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கிற கம்பெனி. 'வேளை' என்று ஓர் ஆப், மாத்திரை நேரத்துக்கு மணியடித்து, இன்ன மாத்திரை, இத்தனை என்று சொல்கிற ஆப், அதுதான் இவர்களுடைய சோறு. அதன் புதிய பதிப்பு இன்றைக்குச் சாயங்காலம் வெளியே போகிறது. போவதற்கு முன்னால் அதைச் சோதிக்க வேண்டும், எப்படிச் சோதிப்பது என்று ஒரு டாக்குமெண்டும் எழுதி வைக்க வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவளை டீம் லீடர் கார்வேந்தன் கூப்பிட்டார். "எழுத்து வேலைன்னா அது நீதாம்மா. பட்டிமன்றத்துல எல்லாம் பேசறவ. அழகா எழுதி, கீழ உன்ற பேரைப் போட்ரு." அந்த 'அழகா'வில்தான் அவளுக்குள் பல்லி கத்தியது. போன வாரம் மீட்டிங்கில் ஒரு கேள்வி கேட்டதற்கு, நீ மொதல்ல கத்துக்கம்மா, பொறகு பேசலாம் என்ற அதே வாய். கற்றுக்கொள்ளாதவளிடம் எதற்கு இந்த வேலை? பெரியவர்கள் செய்த பண்டத்தை, முழுசாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் செய்த பண்டத்தை, நல்லா இருக்கு என்று சொல்ல ஒரு பயிற்சிக்காரியா? நல்லா இருந்தால் அவர்கள் செய்தது. கெட்டுப் போயிருந்தால் தாரகா சோதித்தது. கணக்கு இவ்வளவுதானே. இதைப் புரிந்துகொள்ள எம்.சி.ஏ. வேண்டுமா என்ன, எங்கள் தெரு ரேஷன் கடையில் நின்றாலே போதும். அவளுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவள் ஜெனிட்டா. அவளுடைய காபிக் கப் இன்னும் ஜன்னலோரம் இருக்கிறது, அடியில் கறுத்த வளையத்தோடு. போன பதிப்பு வெளியே போய்ச் சில நாளில் அவள் இல்லை. கேக் இல்லை, குரூப் போட்டோ இல்லை, ஒரு டாட்டா இல்லை. என்னாச்சு என்று கேட்டால் "அவளுக்கு வேற எடம் கெடச்சிருச்சு" என்று ஒருவர், "வீட்ல மாப்பிள்ளை பாக்கறாங்க" என்று இன்னொருவர். இரண்டு பதில் வந்தாலே இரண்டும் பொய் என்றுதான் அர்த்தம். தாரகா அவளுக்கு மெசேஜ் போட்டுப் பார்த்தாள். "நான் எல்லாம் பாத்துட்டுத்தான் பேரு போட்டேன் பா. ஆபீஸ் போன்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்று பதில் வந்தது. கேட்காத கேள்விக்குப் பதில். யாரும் குற்றம் சாட்டாதபோதே ஒருத்தி நான் செய்யவில்லை என்கிறாள் என்றால், ஏற்கெனவே யாரோ சாட்டி முடித்துவிட்டார்கள்.

சரி, எழுதத்தான் வேண்டும். எழுதுகிறபோதே ஒவ்வொரு வரியும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறது என்கிற எண்ணத்தோடு எழுதினாள். கட்டி முடித்த ஆப்புக்குப் பில்ட் என்று பெயர், தினமும் ஆபீசுக்குள் ஓட்டிப் பார்க்கிற பில்ட் வேறு, வெளியே போகிற பில்ட் வேறு. வெளியே போவதற்குக் கம்பெனியின் ரகசியக் கையெழுத்து உண்டு. கையெழுத்து என்றால் பேனாக் கையெழுத்து இல்லை, கார்வேந்தனும் முதலாளியும் மட்டும் வைத்திருக்கிற ஒரு சாவிக் கோப்பு. அந்தச் சாவியால் முத்திரை விழுந்த ஆப்பைத்தான் ஸ்டோர் ஏற்றுக்கொள்ளும். போனும் அப்படித்தான், ஏற்கெனவே உள்ளே இருப்பதன் முத்திரையும் புதிதாக வருவதன் முத்திரையும் ஒன்றாக இருந்தால்தான் பழையதன் மேல் புதியதை உட்கார விடும். ஆபீஸ் பில்டின் முத்திரை வேறு என்பதால் அதை மாற்றி இதைப் போடும்போதெல்லாம் போன் முரண்டு பிடிக்கும். அதற்கு இந்த ஆபீசில் ஒரே மந்திரம்தான். அழிச்சிட்டுப் போடு. பழைய ஆப்பை அழி, புதுசைப் போடு, சுத்தமாக உட்காரும். காலையில் வந்ததும் அழிச்சிட்டுப் போடு, டீ குடித்துவிட்டு வந்து அழிச்சிட்டுப் போடு. சோதிப்பதற்கென்று மேஜை டிராயரில் கிடக்கிற இரண்டு போன்களும் அழித்து அழித்து, துடைத்த சிலேட்டு மாதிரி, தனக்கென்று ஒரு ஞாபகமும் இல்லாத போன்கள். ஸ்டோரில் யாராவது ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டினாலும் அதே மந்திரம்தான். மணி அடிக்கலை, அழிச்சிட்டுப் போடுங்க. எழுத்து சின்னதா இருக்கு, அழிச்சிட்டுப் போடுங்க. போன மாதம் நாலைந்து பேர், மாத்திரை மாறிக் காட்டுது என்று எழுதியிருந்தார்கள். "வயசானவங்க, போடறப்பவே தப்பாப் போட்டிருப்பாங்க" என்றார் கார்வேந்தன். அவர்களுக்கும் அதே பதில் போயிற்று. அழித்துவிட்டுப் போட்டால் சரியாகத்தானே இருக்கும். திருட்டு நடந்த வீட்டை முதலில் நன்றாகக் கழுவிவிடுங்கள், பிறகு போலீசைக் கூப்பிடலாம் என்று சொல்கிற மாதிரி இல்லையா இது? மீட்டிங்கில் அவள் கேட்ட கேள்வி இதுதான். நீ மொதல்ல கத்துக்கம்மா என்று அவர் சொன்னது இதற்குத்தான். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாக அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள், அழிக்கவில்லை.

கையெழுத்து விழுந்த பில்ட் தயாராகி அவளுக்கு வந்து சேர்ந்தது. கீழே பேக்கரியில் பப்ஸ் வெந்து வாசம் மேலேறி வந்தது. மேஜை டிராயரைத் திறந்து ஆபீஸ் போனை எடுத்தவள், எடுத்த கையாலேயே திரும்ப வைத்தாள். அவர்கள் போனில் சோதித்து, அவர்கள் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனால், நாளைக்கு ஏதாவது என்றால் அவள் கையில் என்ன இருக்கும்? ஜெனிட்டா கையில் என்ன இருந்தது? ஆபீஸ் போன்ல சரியாத்தான் இருந்துச்சு. அந்த ஆபீஸ் போனை அதற்குப் பிறகு எத்தனை தடவை துடைத்திருப்பார்களோ. வேண்டாம் தாயே. தன் சொந்தப் போனை எடுத்தாள். அதில் வேளை ஏற்கெனவே இருந்தது, எல்லாரையும் போல ஸ்டோரிலிருந்து இறக்கியது. பயிற்சிக்குச் சேர்ந்த அன்றைக்கு, என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று இறக்கி, வேறு யாருடைய மாத்திரையைப் போடுவது என்று யோசித்து, அப்பாவுடைய வலிப்பு மாத்திரையைப் போட்டு வைத்திருந்தாள். அதை அழிக்க மனசில்லை, சோம்பலும்தான். அதன் மேலேயே புதுசைத் தட்டிவிட்டாள். முத்திரை ஒன்றே என்பதால் போன் முரண்டு பிடிக்கவில்லை. ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றட்டும். அப்பாவுடைய போனிலும் இதே ஆப் உண்டு, அது பழைய காலத்திலிருந்தே உண்டு, இந்தக் கம்பெனியில் தான் வந்து உட்காருவோம் என்று தெரியாத காலத்தில் அவளே போட்டுக் கொடுத்தது. அப்பா பழனியப்பன், கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார், ஓட்டினார். முதல் தடவை வலிப்பு வந்தபோது மிஷின் நின்றிருந்தது, அது குலதெய்வம் செய்த புண்ணியம் என்பாள் அம்மா. அன்றைக்கு விட்டவர்தான் குடியை. டாக்டர் சொன்னது காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு. இரண்டு போட்டால் தலை கிறங்கும், அதனால் படுக்கிற நேரத்துக்கு. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன மாதம் வரைக்கும். பிறகு காலையில் தள்ளாட ஆரம்பித்தார். செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்தார், சொல்லிக்கொண்டிருந்த பேச்சு நடுவில் கழன்று விழுந்தது. பட்டறை முதலாளி அவரை லேத்திலிருந்து இறக்கிப் பேக்கிங்கில் உட்கார வைத்து, "இன்னொருக்கா இப்பிடி ஆடிட்டு வந்தீங்கன்னா கேட்டுக்குள்ள விடமாட்டேனுங்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். குடிகாரன் குடிச்சா ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தாரகா பேச்சை நிறுத்தவில்லை. வாதாடுகிறவள் அல்லவா, ஆதாரம் தேடினாள். டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கிற சாக்கில் கிட்டே போய் மூக்கைச் சுருக்கினாள். அப்பா பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "மோந்து பாக்கறியா கண்ணு? பாத்துக்கோ" என்று சின்னப் பிள்ளை டாக்டருக்குக் காட்டுகிற மாதிரி வாயைத் திறந்து ஊதினார். பேஸ்ட் வாசமும் தேங்காய்ச் சட்னி வாசமும்தான் வந்தது. அதற்கும் அவள் மனசு ஒரு பதில் வைத்திருந்தது. வாசம் வராத சரக்கும் இருக்கிறதே.

வட்டம் நின்றது. திற என்று வந்தது. திறந்தாள். திறந்தது, அதுவே பெரிய விஷயம், ஆபீஸ் பில்டில் ஓடுகிறது கையெழுத்து பில்டில் படுத்துக்கொள்வது இங்கே சகஜம். பச்சை நிறம் புதுசு, கொஞ்சம் கண்ணைக் குத்துகிறது. மேலே அப்பா பெயர். கீழே மாத்திரையின் பெயர், எழுத்துப் பிழை இல்லை. பழைய விவரம் அப்படியே இருக்கிறது என்று டாக்குமெண்டில் ஒரு வரி அடித்தாள். காலை இரண்டு, இரவு ஒன்று. மணி ஒலிக்கிறதா, ஒலிக்கிறது. அறிவிப்பைத் தட்டினால் உள்ளே போகிறதா, போகிறது. காலை இரண்டு, இரவு ஒன்று. சத்தத்தைக் குறைத்தால் குறைகிறதா, குறைகிறது. எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது, பேரைப் போட்டுவிட்டுப் பப்ஸ் சாப்பிடப் போகலாம். கர்சர் கண்ணடித்தது. காலை இரண்டு. முள் மாதிரி எங்கேயோ ஒன்று இழுத்தது, சேலை வேலியில் மாட்டினால் நடக்கிறவளுக்கு முதலில் தெரியாது, இரண்டடி போன பிறகுதான் இழுக்கும், அந்த மாதிரி. காலை ஒன்று. ராத்திரி இரண்டு. இரண்டு போட்டால் தலை கிறங்கும். திரையில் காலை இரண்டு என்றுதான் இருந்தது, சுத்தமான எழுத்தில், பச்சையில், கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லாமல். நானேதான் தப்பாகப் போட்டேனா? வயசானவங்க போடறப்பவே. இல்லை. சேர்ந்த அன்றைக்குப் போட்டு, ஜம்பமாக அம்மாவிடம் காட்டி, அம்மா வாய்விட்டுப் படித்து, சரி என்று சொன்னது. நேற்றுக்கூடப் பார்த்தாள், மணி அடித்தபோது. அப்படியென்றால் யார் மாற்றியது? கார்வேந்தன் தலை கணினிக்குப் பின்னால் தெரிந்தது, ஹெட்போன், ஆடுகிற கால். அவரா? எதற்கு? யாரோ வேண்டுமென்றே. இந்த வாக்கியத்தை இதற்கு முன்னால் எங்கேயோ கேட்டிருக்கிறாள், தன் வாயாலேயே. காலேஜில், துறைத்தலைவர் அறை வாசலில். இரண்டாம் ஆண்டில் லட்டரல் என்ட்ரி என்று புதிதாகச் சிலர் வந்து சேர, பெயர் வரிசை நகர்ந்து எல்லாருக்கும் ரோல் நம்பர் மாறிப்போனது. பழைய நம்பரில் எழுதி வைத்த மார்க்கைப் புது நம்பரில் படித்தார்கள். தாரகாவின் மார்க் பக்கத்துப் பெஞ்சு ஹேமபிரபாவுக்குப் போயிற்று. யாரோ வேண்டுமென்றே செய்தது என்று தாரகா ஒரு வாரம் சண்டை போட்டாள், பெண்கள் விடுதி நேரத்தை எதிர்த்துப் பேசியதற்குப் பழி என்று. ஹேமபிரபாவோடு இன்றைக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நம்பர் நகர்ந்தது என்று கிளார்க் சொன்னதை அவள் நம்பவேயில்லை. நம்பர் நகர்ந்தது. நம்பர். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இயந்திரம் ஒரு வேலை செய்யும், டாக்குமெண்டில் இரண்டாவது பத்தியில் அவளே எழுதியிருக்கிறாள், அளவைக் குறைக்க உள்ளே இருக்கிற நீளமான பெயர்களை எல்லாம் ஓரெழுத்தாகச் சுருக்கிவிடும். காலை என்பது அ. இரவு என்பது ஆ. போனுக்குள் சேமிப்பதும் அந்த ஒற்றை எழுத்தில்தான். இந்தப் பதிப்பில் ஏதோ புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள், வரிசை நகர்ந்து, முன்னது பின்னது ஆகிவிட்டது. இப்போது இரவு என்பது அ, காலை என்பது ஆ. பழைய நம்பரில் எழுதி வைத்ததைப் புது நம்பரில் படிக்கிறது. அழித்துவிட்டுப் போட்டால் எழுதுவதும் படிப்பதும் ஒரே பதிப்பு, எல்லாம் சரியாக இருக்கும். ஆபீஸ் போனில் எப்போதும் சரியாகவே இருக்கும். ஜெனிட்டாவுக்குச் சரியாக இருந்த மாதிரி. போன மாதம். மாத்திரை மாறிக் காட்டுது. போன மாதம், செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்தார்.

அவள் போனில் வேளை வந்தது போன பதிப்புக்குப் பிறகு. அப்பா போனில் வந்தது அதற்கு எவ்வளவோ முன்னால். போன பதிப்பிலும் வரிசை இப்படித்தான் நகர்ந்திருக்கும், அது அங்கே பழையதன் மேல் போய் உட்கார்ந்திருக்கும். இது இப்படி ஓர் ஓரத்தில் தானாகப் பொருந்திக்கொண்டு நிற்க, அவள் பார்க்க மாட்டேன் என்கிற மாதிரி ஜெனிட்டாவின் கப்பைப் பார்த்தாள். பிறகு எழுந்து மாடிப்படிப் பக்கம் போய் அப்பாவைக் கூப்பிட்டாள். பட்டறைச் சத்தம் முதலில் வந்தது, இரும்பை இரும்பு கீச்சுகிற சத்தம், அதற்குப் பின்னால் அப்பா.

"என்ன கண்ணு, இந்நேரத்துல?"

"அப்பா, உங்க போன்ல அந்த மாத்திரை ஆப்பைத் தொறங்களேன்."

"ஏன், ஏதாச்சும் எழுதறதுக்கா? இரு, கண்ணாடி மாட்டிக்கறேன். கார்ட்டன் பசை கையெல்லாம். ம், தொறந்துட்டேன்."

"காலைல எத்தனைன்னு போட்டிருக்குது?"

"ரெண்டு."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"நெசமாவா? நல்லாப் பாருங்கப்பா."

"தெனம் பாக்கறதுதானே. காலைல ரெண்டு, ராத்திரி ஒண்ணு. மொதல்ல வேற மாதிரி இருந்துச்சு, பொறகு அதுவே மாத்திருச்சு. டாக்டரும் நீயும் பேசி மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன். நீ போட்டுக் குடுத்தது தப்பா இருக்குமா? அப்பிடியேதான் சாப்புடறேன்."

"அப்பா, நாளைக்குக் காலைல ரெண்டு போடாதீங்க. இன்னைக்கு ராத்திரிக்குள்ள டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்றேன். போன் சொல்றதக் கேக்காதீங்க, நான் சொல்றதக் கேளுங்க. அது தப்பு. ஒரு மாசமாத் தப்பு."

அப்பா சிரித்தார், சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்று. "அப்ப நான் ஆடுனது இதுலதானா?"

"ஆமாப்பா."

"மொதல்ல உங்கம்மாளக் கூப்புட்டுச் சொல்லு சாமி. டாக்டர் பொறகு."

திரும்பி வந்தபோது அவள் மேஜைப் பக்கத்தில் கார்வேந்தன் நின்றிருந்தார், கையில் ஒரு பப்ஸ், மீசையில் அதன் தூள். பார்த்தால் சதி செய்கிறவர் மாதிரி இல்லை. பசிக்கிறவர் மாதிரி இருந்தார். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. ஒரு வில்லன் கிடைத்திருந்தால் எவ்வளவு சௌகரியம். "முடிஞ்சுதாம்மா? பேரு போட்டுட்டியா? ஏத்திரலாமா?" என்றார். அவள் போனை நீட்டினாள். நாலு வாக்கியத்தில் சொன்னாள், பட்டிமன்றக் குரல் இல்லாமல். அவர் பார்த்தார், மறுபடி பார்த்தார். கை தானாக அந்தப் பழகின இடத்துக்குப் போயிற்று. "ஒரு தடவை அழிச்சிட்டுப் போட்டுப் பாரேன்."

"அழிக்க மாட்டேனுங்ணா."

"உன்ற ஒரு போன்லதானம்மா இப்பிடி?"

"எங்கப்பா போன்லயும். லேத் ஓட்டறவருங்ணா. போன மாசத்துலேர்ந்து காலைல ரெண்டு போட்டுட்டுத்தான் பட்டறைக்குப் போயிருக்காரு. இன்னும் எத்தனை பேரு போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? அவங்க எழுதுனதுக்கு நாம என்ன பதில் போட்டோம்?"

அவர் பப்ஸைக் காகிதத்தில் சுற்றி மேஜை ஓரத்தில் வைத்தார். முதலாளி அறைக் கதவைப் பார்த்தார், பிறகு ஜன்னலோரம் இருந்த கப்பைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நம்பலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. உட்கார்ந்தாள். டாக்குமெண்டின் தலைக்குப் போய், எழுதியிருந்த எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு வரி அடித்தாள். சோதிக்கும் போனில் பழைய பதிப்பும் அதில் ஒரு மனிதரின் உண்மையான விவரமும் இருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் அதை அழிக்கக் கூடாது. பிறகு கீழே வந்தாள். கர்சர் அங்கேயே காத்திருந்தது, கண்ணடித்துக்கொண்டு. சோதித்தவர் என்பதற்குப் பக்கத்தில் தன் பெயரை முழுசாக, இனிஷியலோடு, ப. தாரகேஸ்வரி என்று போட்டாள். அதற்கு அடுத்த வரியில், முடிவு என்று அடித்து, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, வெளியிடக் கூடாது என்று எழுதிவிட்டு, அம்மாவைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.